சார்ட்டில் பேச்சுக்குக் கட்டம் இல்லை

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கும். எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிற பிள்ளைகள். ஒரு கையில் கிளிப் போட்ட தாள் கட்டு, இன்னொரு கையில் கால் கிலோ அல்வா. “டீச்சர், தமிழ் சர்ட்டிபிகேட் வேணும்.”

விஷயம் இதுதான். ஆய்வேட்டை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஆனால் கேள்வித்தாளை நிரப்பப் போகிறவர்கள் வார்டில் படுத்திருக்கும் தாய்மார்கள். அதனால் கேள்விகளைத் தமிழில் பெயர்க்க வேண்டும். பெயர்த்தது சரிதான் என்று தமிழ் படித்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், ஆங்கிலம் திருத்தியவர் கொடுத்த சான்றிதழுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். மேல்நிலைப் பள்ளியில் 29 வருஷம் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்தக் கையெழுத்து என்னிடம் வந்து சேர்ந்தது. முதலில் ஒரு பிள்ளை வந்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி. பிறகு இது ஒரு வாடிக்கையாகிவிட்டது.

தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன விஷயம் குறித்துத் தாய்மார்களின் அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்திறன். முதல் நாள் ஒரு பரீட்சை, நடுவில் படம் போட்ட அட்டைகளை வைத்து முக்கால் மணி நேரப் பாடம், ஏழாம் நாள் அதே பரீட்சை. மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும்? கேட்ட கேள்வியைத்தானே திருப்பிக் கேட்கிறார்கள். இந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருஷப் படிப்பில் வார்டு வேலையும் பார்த்து, வகுப்பும் கேட்டு, மிச்ச நேரத்தில் முடிக்க வேண்டிய ஆய்வு இது. அச்சு கையில் இருந்தால் யாரும் அதில்தான் வார்ப்பார்கள்.

குழந்தைகளின் மொழி வளர்ச்சி பற்றி வந்த ஒரு கேள்வித்தாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண் எழுதிக்கொண்டு வந்தது: ‘பிள்ளை பேசப் பழக எது ரொம்ப முக்கியம்?’ நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘குழவிப் பருவத்தில் மொழி வளர்ச்சியைத் தூண்டும் முதன்மைக் காரணி யாது?’ என்று எழுதினேன். விடைகளில் ‘அம்மா பேசுறது’ என்று இருந்ததைத் ‘தாயுடனான வாய்மொழித் தொடர்பாடல்’ ஆக்கினேன். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பதினைந்து நாள் கழித்து நன்றி சொல்ல வந்தாள். வார்டில் எப்படிப் போச்சு என்று கேட்டேன். “முதல் கேள்வியிலேயே ஒரு அம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க டீச்சர். ‘ஏட்டி, இதுல எது நல்லதோ அத நீயே டிக் போட்டுக்கோ, எனக்குத் தையல் இழுக்கு’ன்னுட்டாங்க.” இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது தோன்றக் காரணம் என் பேரன்.

மகளுக்கு 31-ஆவது வாரத்தில் பிரஷர் ஏறி, ராத்திரி பதினொரு மணிக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். 1,420 கிராம். மகள் ஐ.சி.யூ.வில், பிள்ளை பச்சிளங்குழந்தைப் பிரிவில். பெண் துணை ஒருத்தர் உள்ளே வரலாம் என்றார்கள். செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போனேன். வார்மருக்கு அடியில் அணில் குஞ்சு மாதிரி கிடந்தான். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், பாதத்தில் சிவப்பாக மின்னும் ஒரு ஒட்டு.

நான் போன நேரம் சிஸ்டர் அவன் குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தது என்னிடம் இல்லை.

“எய்யா, முழிச்சிட்டியளோ? யாரு ராத்திரி பூரா அழுதது? நீயா?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு இடைவெளி. “ம்ம்? நீதானா? சரி. இப்ப கால்ல ஒரு குத்து குத்தப் போறேன். சுகர் பாக்கணும்லா. வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்க ராசா.” சொல்லி முடித்த பிறகுதான் ஊசி இறங்கியது. அவன் முகம் சுருங்கி, சத்தம் வராத ஒரு அழுகை அழுதான். “ஆச்சு ஆச்சு ஆச்சு” என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை ஒரு படி இறக்கிச் சொன்னார். பிறகு தலைமாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்து எழுதினார். உடம்புச் சூடு, நாடி, மூச்சு, ஆக்சிஜன், சர்க்கரை, எத்தனை மில்லி பால், எத்தனை தடவை மூத்திரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பேசியதற்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தயங்கிக் கேட்டேன். “இப்படிப் பேசணும்னு படிப்புல சொல்லிக் குடுத்தாங்களா சிஸ்டர்?”

“அதெல்லாம் இல்லம்மா. ராத்திரி ஒம்பது பிள்ளைக்கு நாங்க ரெண்டு பேரு. சுத்தி மிஷின் சத்தம்தான். பேசலன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்.”

ஒரு வாரத்தில் குழாய்கள் குறைந்தன. மகளால் இன்னும் எழுந்து உட்கார முடியவில்லை. நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள்; நான் உட்கார்ந்தேன். சாய்வு நாற்காலி. ரவிக்கையின் முன்பக்கத்தைத் திறந்து, டயப்பரும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்ட பிள்ளையைத் தவளை மாதிரி என் மேல் ஒட்ட வைத்து, ஒரு துணியால் சுற்றிக் கட்டினார்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இல்லாத கருவிக்கு மாற்றாக வந்ததுதான். ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2021-இல் வெளிவந்தபோது, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி நெஞ்சில் வைத்துக்கொண்டால், நிலைமை சீராகும்வரை காத்திருந்து வைப்பதைவிடச் சாவு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடவே பயம். சிஸ்டர் கடந்து போகும்போது நின்றார். “என்னம்மா, வாயத் தொறக்காம இருக்கிய? டீச்சர்னு சொன்னிய?”

29 வருஷம் ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் பேசியவளுக்கு அந்த 1,420 கிராமிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாட்டு வரவில்லை. கொஞ்சல் வரவில்லை. கடைசியில் வாய்க்கு வந்தது வேற்றுமை உருபுகள்தான். ஐ, ஆல், கு, இன், அது, கண். மெல்ல, ராகம் போட்டுச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே அவன் விரல் ஒன்று விரிந்து மடங்கியது. அது எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் சந்தி விதிகள்.

என்னிடம் கையெழுத்து வாங்கிப் போன பிள்ளைகளில் ஒருத்தி இப்போது ஒரு கல்லூரியில் ட்யூட்டராக இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது வாட்ஸ்அப்பில் கட்டுரை கட்டுரையாக அனுப்பத் தொடங்கினாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மருத்துவமனை வராந்தாவில் பொழுது நிறைய இருக்கிறதே.

கருவில் ஆறு மாதம் முடியும் வாக்கிலேயே காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ஒரு சூப்பானைக் கொடுத்தார்கள். ஒரு தாளத்தில் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், இன்னொரு தாளத்தில் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மா குரல் வருகிற மாதிரி சப்பக் கற்றுக்கொண்டன. 2009-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. 30 பிரெஞ்சுக் குழந்தைகள், 30 ஜெர்மன் குழந்தைகள், எல்லாம் பிறந்து ஒரு வாரத்துக்குள். அழுகையைப் பதிவு செய்து பார்த்தால், பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை தாழ்வில் தொடங்கி மேலே ஏறுகிறது; ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை மேலே தொடங்கி இறங்குகிறது. அந்தந்த மொழியின் வாக்கியம் எப்படிப் போகுமோ அப்படி. எங்கள் வார்டில் அழுத ஒன்பதும் திருநெல்வேலி ராகத்தில்தான் அழுதிருக்க வேண்டும்.

தமிழாசிரியை என்ற முறையில் என்னைப் பிடித்து உலுக்கியது 1984-ஆம் வருஷத்து ஆய்வு. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்தது. இந்தியிலுள்ள ட, த ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அது இரண்டு எழுத்து; ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் அந்த இரண்டையும் பிரித்து அறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் திறமை போய்விட்டது. வீட்டில் யாரும் பிரித்துச் சொல்லாததைக் காது கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. ழகரம் வரவில்லை என்று பத்தாம் வகுப்புப் பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவள் நான். அவர்கள் வீட்டில் வாளப்பளம் விற்றுக்கொண்டிருந்திருப்பார்கள். பதினைந்து வருஷம் பிந்தி நான் பிரம்போடு போய் நின்றிருக்கிறேன்.

இனி எங்கள் வார்டுக்கே வருகிறேன். குறைமாதக் குழந்தைகளுக்குச் சத்தம் ஆகாது என்பது நியாயமான கவலை. 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வரையறுத்திருக்கிறது. மானிட்டர் அலாரம், குப்பைத் தொட்டி மூடி, செல்போன் எல்லாம் சேர்ந்தால் அது எளிதாகத் தாண்டிவிடும். ‘அமைதி காக்கவும்’ என்று போர்டு தொங்குவது அதனால்தான். ஆனால் அமைதி காக்கப் போய் என்ன ஆயிற்று என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே ஒரே மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளில் சிலர் தனி அறையிலும், சிலர் எல்லாரும் சேர்ந்திருக்கும் திறந்த வார்டிலும் வளர்ந்தார்கள். இரண்டு வயதில் சோதித்தபோது தனி அறைக் குழந்தைகளின் மொழித்திறன் குறைவாக இருந்தது. 2014-இல் வந்த கட்டுரை. அங்கே பெற்றோர் அதிக நேரம் வந்து இருக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் ஆள் இல்லை. இதைப் படித்துவிட்டு உடனே தனி அறையே தப்பு என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. ரோட் ஐலண்டில் தனிக் குடும்ப அறைகளில் வைத்துப் பார்த்தபோது, அம்மாக்கள் நிறைய நேரம் கூடவே இருந்த குழந்தைகள் நன்றாகவே வந்தன.

அதே ரோட் ஐலண்டில்தான், ப்ராவிடன்ஸ் நகரத்து மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் சட்டைக்குள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். 36 குழந்தைகள். கருவுற்ற கணக்கில் 32 வாரம் இருக்கும்போதே அவை குரல் கொடுக்கின்றன. பக்கத்தில் அப்பா அம்மா இருந்தால் கூடுதலாகக் குரல் கொடுக்கின்றன. அந்த 32-ஆவது வாரத்தில் மணிக்கு நூறு வார்த்தை கூடுதலாகக் காதில் விழுந்திருந்தால், ஒன்றரை வயதில் எடுத்த மொழிச் சோதனையில் இரண்டு புள்ளி கூடுதலாக இருந்தது. இப்படித்தான் ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சின்ன ஆய்வு, பேச்சு அதிகமுள்ள வீட்டில் வேறு எத்தனையோ இருக்கும். ஆனாலும் நூறு வார்த்தை என்பது எவ்வளவு என்று சிஸ்டரின் பேச்சை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். குதிகால் குத்தல் ஒன்றுக்கே முப்பது வந்தது.

அவருக்குத் தூக்கம் வராமல் இருக்கச் செய்கிற காரியம் என்று அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார். இதில்தான் எனக்கு ஆற்றாமை.

நர்சிங் படிப்பில் பேச்சு இல்லாமல் இல்லை. ‘தெரப்யூடிக் கம்யூனிகேஷன்’ என்று, நோயாளிக்கு இதமாகப் பேசுவது பற்றிப் பாடமே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, ஆங்கிலத்தில் பத்து மார்க்குக்கு எழுதுகிறார்கள். பி.எஸ்சி. முதல் பருவத்திலேயே ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ ஒரு தாள். பிறகு வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகள் ஓ.இ.டி. என்ற ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். நான் ஒரு பிள்ளையின் வீட்டில் அந்தப் பயிற்சியைப் பார்த்தேன். நோயாளியாக ஒருவர் நடிப்பார். ஐந்து நிமிஷம் அவரிடம் பேச வேண்டும். பயப்படுகிறாரா என்று கவனித்தாயா, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாயா, கஷ்டமான சொல்லைப் பிரித்துச் சொன்னாயா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண். அருமையான பரீட்சை. லண்டனில் ஒரு கிழவரிடம் எப்படிப் பேசுவது என்று அந்தப் பிள்ளை மூன்று மாதம் கண்ணாடி முன் நின்று பழகினாள். பாளையங்கோட்டையில் தையல் இழுக்கிற ஒரு அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் அவளுக்கு ஐந்து நிமிஷம் நடித்துக் காட்டியதில்லை. அது தாய்மொழிதானே, தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம்.

தானாக வந்துகொண்டுதான் இருந்தது. வந்ததைச் சிவப்பு மையால் அடித்தது நான்.

தமிழில் வைத்தியம் சொல்லிக்கொடுத்த ஒரு காலமும் இருந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவதைப் பார்த்தார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பான் என்று கணக்குப் போட்டார். 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அதற்கு முன்பே, 1857-இல், பிரசவ வைத்தியம் பற்றிய நூல் தமிழில் வந்துவிட்டது. உடற்கூறுக்கு அங்காதிபாதம் என்றும் உடலியங்கியலுக்குச் சுகரணம் என்றும் பெயர் வைத்தார்கள். கெமிஸ்ட்ரி, ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. அந்தச் சொற்களைப் பார்த்தால் என் ‘வாய்மொழித் தொடர்பாடல்’ எவ்வளவோ தேவலை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்காதிபாதம் என்பது மாணவன் படிக்கிற புத்தகத்தில் இருந்தது. என்னுடையது பிள்ளை பெற்று மூன்றாம் நாள் படுத்திருக்கிறவளின் கையில் இருந்தது.

மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி தொடங்கியிருக்கிறது. நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. தமிழ் வார்டில் தமிழ் பேசுவது எப்படி என்று இன்னும் ஒரு பாடம் வரவில்லை என்பது எனக்கு விந்தையாகத்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். குழந்தையிடம் பேசு பேசு என்று தாய்மார்களுக்கு உபதேசம் செய்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. அதற்கு மூலம் அமெரிக்காவில் கான்சஸ் நகரத்தில் 42 குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு. 1995-இல் புத்தகமாக வந்தது. ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் மூன்று கோடி வார்த்தை குறைவாகக் கேட்கிறது என்று அதிலிருந்து ஒரு கணக்கு புறப்பட்டு உலகமெல்லாம் சுற்றியது. மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்ததை வைத்துப் பெருக்கிப் போட்ட எண் அது. அம்மா நேராகக் குழந்தையிடம் பேசியதைத்தான் பெரும்பாலும் எண்ணினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள், வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் சுற்றிலும் காதில் விழுவதையும் சேர்த்து எண்ணியபோது அந்தப் பள்ளம் அப்படியே இருக்கவில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளையிடம் அம்மா மட்டுமா பேசுகிறாள்? பீடி சுற்றுகிற நாலு பெண்கள் நடுவில் தூளியில் கிடக்கிற பிள்ளையின் காதில் விழுவதை எந்தக் கருவியில் எண்ணுவது? ஏழை வீட்டில் பேச்சு குறைவு என்று சொல்கிறவர் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் ஆள் வந்து பழகிக் காட்டினால் பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், 1980-களின் நடுவில், சாலி கிரந்தம் மெக்கிரெகர் என்ற மருத்துவர் தொடங்கியது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், சுகாதார உதவியாளர் ஒருத்தர் போனார். டாக்டரும் இல்லை, பட்டம் பெற்ற நர்சும் இல்லை. நம் ஊர்க் கிராமச் செவிலியருக்குக் கூட மாட இருக்கிற ஆள் மாதிரி. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த பொம்மைகளைக் கொண்டுபோய், அம்மாவையும் பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு விளையாடினார், பெயர் சொன்னார், பிள்ளை காட்டுவதற்குப் பதில் சொன்னார். இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பளம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதல். 2014-இல் வந்த கணக்கு. பிள்ளையோடு பேசி விளையாடுவதுதான் அந்த உதவியாளரின் வேலையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

செல்போன் பற்றிக் கேட்பீர்கள். சியாட்டிலில் பாட்ரிஷியா குல் 2003-இல் இதைத் தீர்த்துவைத்துவிட்டார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் பன்னிரண்டு முறை சீன மொழியில் ஆள் நேரில் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, டி.வி.டி.யில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. என் மருமகன் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த டேப்லெட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

நான் நடத்திய தமிழ்ப் பாடத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போது பத்துப் பருவத்தையும் பெயர் மறக்காமல் இருக்கச் சுருக்கி எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பேன். முதல் ஏழு இவை: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று இரண்டிரண்டாக ஏறும். பேரனுக்கு வளர்ச்சி அட்டை கொடுத்தபோதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவதுதான் தாலாட்டு. செங்கீரையில் வரும் கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் சொல்கிறவர்களும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் பிள்ளை ஙா, கூ என்று குரல் விடுகிற பருவம். ஒன்பதாம் மாதம் கை கொட்டல், பதினைந்தாம் மாதம் நிலாவைக் காட்டி வா என்று கூப்பிடுவது. அட்டையில் ‘கை தட்டும், சுட்டிக் காட்டும்’ என்று இருக்கிறது. ஒரு வேறுபாடுதான். அட்டை பிள்ளை செய்ததா இல்லையா என்று கேட்கிறது. பிள்ளைத்தமிழில் முழுக்க முழுக்கப் பிள்ளையைப் பார்த்துத்தான் பேச்சு: ஆடுக, கொட்டுக, தருக, வருக. பரீட்சைக்கு நோட்ஸ் எடுக்கச் சொன்ன காலத்தில் இது என் கண்ணில் படவே இல்லை.

42 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வருவதற்கு முன்னால் காது சோதனை. குறைமாதப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டியது அது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ சிகிச்சையோ என்பது கணக்கு. எங்கள் மாதிரி ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறவர்களுக்கு முதல் சோதனை கொஞ்சம் தள்ளிப் போகும். எந்தப் பேச்சும் உள்ளே போக வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமே. இரண்டு காதும் பாஸ். சிஸ்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவருக்கு ஷிப்ட் மாறியிருந்தது. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சிஸ்டர் சிஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

இந்த வருஷமும் ஸ்கூட்டி வந்தது. குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள், மொழித் தூண்டல், அதே முன் தேர்வு, பின் தேர்வு. நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. “உங்க அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்குன்னு வச்சுக்க. அவகிட்ட இத எப்படிக் கேப்பே? அப்படியே கேளு” என்றேன். அவள் வெட்கப்பட்டாள். பிறகு செல்போனில் ரிக்கார்டரைப் போட்டுக்கொண்டு பேசினாள். “அக்கா, பாலு குடுக்கும்போது பிள்ளைகிட்ட எதாவது பேசுவியாக்கா? நேத்து என்ன பேசுன?”

அதையே எழுதினோம். அவளுடைய கைடு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு வழக்கு ஆய்வேட்டில் வரக்கூடாது. அதைவிட, இந்தக் கேள்விக்கு நாலு விடை கொடுக்க முடியாது, சரி தப்பு இல்லை, மார்க் எப்படிப் போடுவது? நியாயமான கேள்விதான். கடைசியில் பழைய கேள்விகள் எல்லாம் அப்படியே இருக்க, இந்த ஒன்று மட்டும் கடைசியில், மார்க் இல்லாத கேள்வியாக ஒட்டிக்கொண்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் போன் செய்தாள். முன் தேர்வு ஆரம்பித்துவிட்டதாம். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு அம்மா சொன்ன பதிலை எழுதி வைத்திருக்கிறாள், படித்தாள்: “நேத்தா? பிள்ளைகிட்டயா? அவங்க அப்பா இன்னும் வந்து எட்டிப் பாக்கலன்னு வைது தீத்துட்டேன். அதுவும் கண்ணத் தொறந்து கேட்டுக்கிட்டே கிடந்துச்சு. நடுவுல நடுவுல ‘ங்’குன்னுச்சு.”

“இது சரியான விடையா டீச்சர், தப்பான விடையா?”

ஒரு மார்க் போடச் சொன்னேன். மார்க் இல்லாத கேள்வி அது என்று ஞாபகப்படுத்தினாள். பரவாயில்லை, போடு என்றேன்.